சிவப்புச் சேலையும் சிலிண்டர்காரரும்

துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இரண்டு வீட்டுக் கதவுகளுக்கு நடுவில், வெள்ளை யூனிஃபார்மின் மேலேயே நான் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு நின்ற மதியத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன்.

சேலைக்குப் பின் குத்துவது பரமேஸ்வரி அக்கா. வாயில் இரண்டு பின், கையில் ஒன்று. பக்கத்தில் கேஸ் சிலிண்டரைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார் ஒரு பட்டாணியர். எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆறு வியட்நாம் பெண்கள் காத்திருக்கிறார்கள். அன்று அவர்களுடைய புது வருஷம். அந்த வருஷத்தில் அந்த வீட்டுக்குள் முதல் காலை வைக்கவேண்டியவள் நான்.

உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் கணவர் ஜெரோம் மஞ்சள்காமாலையில் போய் அப்போது ஆறு வருஷம். குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியம் என்றால் என்னை முன்னால் விடமாட்டார்கள். கோயிலில் முன்வரிசையில் முழங்காலிடலாம், அதற்குத் தடை இல்லை. கல்யாண வீட்டில் தாலி ஆசீர்வதிக்கும் தட்டைத் தொடக்கூடாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். தட்டு நம்மைத் தாண்டிப் போய்விடும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளை ஒரு வீட்டுக்காரர்கள் வருஷத்தின் முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள் என்றால், அது எப்படி நடந்தது என்று சொல்லவேண்டாமா?

ஊசி ஏறிய விரல்

லான் எனக்கு அறிமுகமானது நான் வேலை பார்த்த கிளினிக்கில். கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. சின்ன உருவம், முப்பது வயதைத் தாண்டியவள் என்று சொல்லவே முடியாது. டாக்டர் ஊசியை எடுக்கும்போது அவள் அழவில்லை. என் முன்கையைப் பிடித்திருந்தாள். அவள் விட்டபோது அங்கே ஐந்து விரலும் பதிந்திருந்தன.

கட்டுப்போட்டு அனுப்பிவிட்டு நான் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அதே கட்டு, அதே விரல். எட்டு மாதமாக எதிரெதிரே குடியிருக்கிறோம், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அஜ்மானில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. வாடகை குறைவென்று வந்து தங்குகிறவர்கள் எல்லாரும் விடியுமுன் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள்.

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவர் பரமேஸ்வரி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சட்டதிட்டம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பால் பாக்கெட்டைக் கழுவித்தான் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்.

லானும் நானும் என்ன மொழியில் பேசினோம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் ஹிந்தி, அரபியில் நாலு வார்த்தை, மிச்சத்துக்குக் கை. அவள் சொன்னதை எல்லாம் நான் தமிழில்தான் எழுதமுடியும்.

ஆடு, பூனை, பன்றி

அவர்களுடைய புது வருஷத்துக்குப் பெயர் தேத். பொங்கலும் கிறிஸ்துமஸும் கல்லறைத் திருநாளும் ஒரே நாளில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. இறந்துபோன பெரியவர்கள் எல்லாரும் அன்று வீட்டுக்கு வருவார்களாம். அவர்கள் படத்துக்கு முன்னால் பழத்தட்டு, ஊதுபத்தி. அன்று வீட்டைப் பெருக்கக்கூடாது, வந்த அதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பெருக்கி வெளியே தள்ளிவிடுவோமாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், முதலில் யார் வீட்டுக்குள் வருகிறார்கள் என்பது. வருஷம் பிறந்த பிறகு வாசலைத் தாண்டி உள்ளே வரும் முதல் ஆள் எப்படியோ, அந்த வீட்டுக்கு அந்த வருஷமும் அப்படி. அதனால் முன்கூட்டியே நல்ல ஆளாகப் பார்த்துச் சொல்லிவைப்பார்கள்.

"போன வருஷம் சொல்லிவைக்கவில்லை. பிளம்பர் வந்துவிட்டான்," என்றாள் லான்.

பாத்ரூம் குழாயைச் சரிபண்ண வந்த மனிதர், பாவம். வீட்டுச் சொந்தக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்திருக்கிறார். அந்த வருஷம் கம்பெனியில் ஒரு வரிசை மெஷினை நிறுத்திவிட்டார்கள். எட்டுப் பேராக இருந்தவர்களில் இரண்டு பேரை ஊருக்கு அனுப்பினார்கள். லானின் அப்பா இறந்தார், அவளுக்கு லீவ் கிடைக்கவில்லை. இந்த வருஷம் இன்னும் மூன்று பேருக்கு விசா முடிகிறது. புதுப்பிப்பார்களா, அனுப்புவார்களா என்று தெரியாமல் ஆறு பேரும் பயந்துபோயிருந்தார்கள்.

ஒரு மாலை லான் என்னிடம் பிறந்த வருஷம் கேட்டாள். சொன்னேன். ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டினாள். நான் ஆட்டு வருஷத்தில் பிறந்தவளாம். அவள் பூனை. வரப்போவது பன்றி வருஷம். பன்றி, பூனை, ஆடு மூன்றும் சேர்ந்தால் அதற்கு மேல் பொருத்தமே கிடையாதாம். ஆறு பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

"சிஸ்டர், நீங்கள்தான் எங்கள் வீட்டுக்கு முதலில் வரவேண்டும்."

நான் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் பரமேஸ்வரி அக்கா சோற்றைப் பிசைந்த கையோடு நிறுத்திவிட்டார்.

"புஷ்பம், அவைக்கு உம்மட விஷயம் தெரியுமோ?"

"எந்த விஷயம்?"

"மனுசன் இல்லாத விஷயம். நான் பிழையாச் சொல்லேல்ல. அது அவையின்ர நல்ல நாள். மறைச்சுப்போட்டுப் போகாதையும்."

எனக்கு வந்த கோபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

பின்வாசல்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் தம்பி ஊரில் வீடு கட்டினான். என் சம்பளத்தில் கட்டிய வீடு என்று சொன்னால் கணக்குப் பார்க்கிறேன் என்பார்கள், அதனால் சொல்லவில்லை. வீடு அர்ச்சிப்புக்கு நான் லீவ் போட்டுப் போனேன்.

ஃபாதர் ஜெபம் முடித்து, தீர்த்தம் தெளித்து, எல்லாரும் முன்வாசலில் நிற்கிறோம். தம்பியின் மாமியார் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"மக்ளே, நீ அடுக்களை வழியா வா, என்னா? மத்தவங்க கேறுன பொறவு."

தம்பியைப் பார்த்தேன். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வீட்டைச் சுற்றிப் போனேன். அங்கே சிமென்ட் சாக்கும் மணலும் கிடந்தன. நான் தேர்ந்தெடுத்த டைல்ஸில் முதலில் யார் நடந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உள்ளே பால் பொங்கி எல்லாரும் கைதட்டியது அடுக்களைக் கதவுக்கு வெளியே கேட்டது.

அதற்குப் பிறகு ஊருக்குப் போனபோதெல்லாம் நான் அடுக்களை வழியாகவே போய்வந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. வீம்பு. நான் அப்படிப் போவதை அவர்கள் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். அவர்களுக்கோ அது பழகிப்போய்விட்டது.

மூன்று வருஷம்

மறுநாள் லானிடம் சொன்னேன். அவள் என் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். தேத் அன்று வெள்ளையும் கறுப்பும் ஆகாது, சிவப்புத்தான் வேண்டும் என்று அவளே என்னைக் கடைக்கு இழுத்துப்போய்ச் சேலை எடுக்கவைத்திருந்தாள். ஆறு வருஷத்தில் என் பெட்டிக்குள் சாம்பலும் நீலமும் தவிர வேறு நிறம் வந்ததில்லை.

"லான், என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். எங்கள் ஊரில் என்னை மாதிரி ஆட்கள் முதலில் போகமாட்டார்கள். வேறு ஆளைப் பார்."

அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முகம் மாறியது. அதை நான் பார்த்தேன். இவர்களுக்கும் அதே கதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்களுக்கும் துக்க வீட்டு ஆள் போகக்கூடாது," என்றாள். "அப்பா போனதால் இந்தத் தேத்துக்கு நான் யார் வீட்டுக்கும் போகமாட்டேன். எப்போது இறந்தார்?"

"ஆறு வருஷம்."

அவள் விரலை நீட்டி எண்ணினாள். ஊசி ஏறிய விரலில் நகம் இன்னும் பாதிதான் வளர்ந்திருந்தது.

"சிஸ்டர், துக்கம் மூன்று வருஷம். அதற்குப் பிறகு வெள்ளைத்துணியை எரித்துவிடுவோம். கலாஸ்."

"கலாஸா? முடிந்துவிட்டதா?"

"கலாஸ். நீங்கள் முடித்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. லானின் கணக்குப்படி பார்த்தால், தம்பி வீட்டைச் சுற்றிப் பின்வாசலுக்கு நான் நடந்த அன்றே எனக்குத் தவணை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். லான் அளவு மாறிப்போகும் என்று அதட்டினாள்.

வீட்டுக்கு வந்து பரமேஸ்வரி அக்காவிடம் சொன்னேன். அவர் அந்தச் சேலையை எடுத்துப் பார்த்தார். "நிறம் வடிவாத்தான் இருக்கு," என்றார்.

வாட்டிய இலை

தேத்துக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. பச்சரிசி மாதிரி ஒட்டும் அரிசி ஒன்று, நடுவில் பாசிப்பருப்பு, கோழிக்கறி. இதை இலையில் சதுரமாகப் பொதிந்து பத்து மணி நேரம் வேகவைக்கவேண்டும். ஊரில் பன்றிக்கறி வைப்பார்களாம். கட்டடத்தில் யார் மனமும் நோகவேண்டாம் என்று கோழி. அவர்கள் ஊர் இலை கிடைக்காமல் மலையாளி கடையில் வாழையிலை வாங்கியிருந்தார்கள். மடிக்க மடிக்கக் கிழிந்தது. ஆறு பேரும் அழாத குறை.

நான் போய் அடுப்பைப் பற்றவைத்து இலையை வாட்டிக் கொடுத்தேன். இலையப்பம் தின்று வளர்ந்த எனக்கு இது தெரியாதா? வாட்டிய இலை துணி மாதிரி மடங்கியதும் தையல்காரிகள் விளையாடிவிட்டார்கள். ஒரு பொதியிலும் ஒரு மூலை பிசகவில்லை.

காலையில் ஏற்றிய பானை மாலையில் இறங்கியது. கூடவே கேஸும் தீர்ந்தது. லானுக்கு ஹிந்தி சரியாக வராது என்று நான்தான் கேஸ் கடைக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் கட்டாயம் கொண்டுவந்துவிடுங்கள், பண்டிகை வீடு," என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். நான் காலை ஏழு மணிக்கே உள்ளே போய்விடுவேன், அதற்குப் பிறகு யார் வந்தால் என்ன என்பது என் நினைப்பு.

ஆட்டின் நேரம்

காலை ஆறரைக்கு கிளினிக்கிலிருந்து போன். என்னோடு வேலை பார்க்கும் ஷீலாவுக்குக் காய்ச்சல், டாக்டர் கீழே வண்டி அனுப்பிவிட்டார். லான் புத்தகத்தில் நல்ல நேரம் ஏழுக்குத்தான் தொடங்குகிறது. முன்னால் போனால் நேரம் சரியில்லை, பின்னால் போக எனக்கு வழியில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னேன். உள்ளே புத்தகம் புரளும் சத்தம் கேட்டது.

"ஒன்றிலிருந்து மூன்று வரை ஆட்டின் நேரம். உங்கள் நேரம். இன்னும் நல்லது. ஆனால் இரண்டு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும்," என்றாள் லான்.

அரை நாள்தான் லீவ் கொடுத்திருந்தார்கள். வேனில் போய்விட்டு வந்தால், முதலில் உள்ளே வருவது அவர்களாகவே இருக்கும். அதிலும் துக்கத்தில் இருக்கும் லான் முந்திவிட்டால் வருஷமே போச்சு. அதுவரை கதவைத் திறக்கமாட்டோம், யாரும் வெளியேயும் போகமாட்டோம் என்றார்கள்.

அன்று கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் எல்லாரும் என்னை மன்னிக்கவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் குத்தினேன். என்னை மாற்றிவிட ஒன்றுக்கு வரவேண்டிய நர்ஸ் ஒன்றேகாலுக்கு வந்தாள். டாக்ஸி பிடித்து, கட்டடத்துக்குள் ஓடி, படியேறத் தொடங்கும்போது மணி ஒன்று முப்பத்தைந்து.

இரண்டாம் மாடி திரும்பும்போதுதான் மேலே அவரைப் பார்த்தேன். தோளில் சிலிண்டர். எதிர்வீட்டுக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். பெல்லை அடித்தால் நான்தான் என்று நினைத்துத் திறந்துவிடுவார்கள். திறந்தால் சிலிண்டரோடு நேராக அடுக்களைக்குப் போவார். வரச்சொன்னதும் நான்தான்.

"பாயி, ருக்கோ!"

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. கீழ் மாடியில் இரண்டு கதவுகள் திறந்தன. அவர் பெல்லுக்கு நீட்டிய விரலோடு அப்படியே நின்றார்.

நான் ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். அவர் கனக்கிறது என்றார். கீழே வையுங்கள் என்றேன். முதலில் உள்ளே விடுங்கள் என்றார். முதலில் நான் போகவேண்டும் என்றேன். அப்படியானால் போங்கள் என்றார். நியாயமான மனிதர். அப்போதுதான் குனிந்து என்னைப் பார்த்தேன். தலை முதல் கால் வரை வெள்ளை. துக்கத்தின் நிறம். மூன்று வருஷத்தில் எரிக்கவேண்டிய நிறத்தை உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறேன். சேலை என் அறையில், பெட்டிக்குள்.

என் வீட்டுக் கதவு திறந்தது. பரமேஸ்வரி அக்கா நின்றார். கையில் சிவப்புச் சேலை, கொசுவம் மடித்துத் தயாராக. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ தெரியாது.

"அக்கா, உள்ள வந்து கட்டுகேன்."

"நீர் உள்ளுக்குப் போனா இந்தாள் பெல் அடிச்சிடும். உதிலயே நில்லும். கையைத் தூக்கும்."

பிறகு பட்டாணியரைப் பார்த்து, "தம்பி, அங்கால திரும்பும்," என்றார். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். பெஷாவர்க்காரருக்கு அது எப்படிப் புரிந்ததோ, சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

அங்கேதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. யூனிஃபார்ம் பேண்டின் மேல் கொசுவம் செருகி, சட்டையை மறைத்து முந்தானை போட்டு, எட்டுப் பின். லான் தைத்த ஜாக்கெட் பெட்டியிலேயே கிடந்தது. "அசையாதையும், குத்துப்படும்," என்றார் அக்கா. கடைசிப் பின்னைக் குத்திவிட்டுத் தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தார். கனகாம்பரம். ஆறு வருஷத்தில் என் தலையில் ஏறிய முதல் பூ.

"இப்ப போம்."

ஷூவைக் கழற்றினேன். பெல்லை அடித்தேன். லான் கதவைத் திறந்து ஒதுங்கிக்கொண்டாள். ஆறு பேரும் சிவப்பும் மஞ்சளுமாக வரிசையில் நின்றார்கள். அவர்கள் ஊரில் பீச் மரக்கிளை வைப்பார்கள். இங்கே ஒரு காய்ந்த கிளையில் கம்பெனியில் மிஞ்சிய துணியை வெட்டி இளஞ்சிவப்புப் பூவாகத் தைத்திருந்தார்கள். வெட்டிய துணித் துண்டுகள் தரையெல்லாம் கிடந்தன, யாரும் பெருக்கவில்லை.

வலது காலை வைத்தேன். அது அவர்கள் வழக்கம் இல்லை, என் வழக்கம். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த புது வருஷ வாழ்த்தைச் சொன்னேன். ஆறு பேரும் கைதட்டினார்கள். தம்பி வீட்டில் கதவுக்கு வெளியே நின்று கேட்ட அதே கைதட்டல். இந்தத் தடவை எனக்காக. எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கர்த்தர் மன்னிக்கட்டும், கொஞ்சம் திமிராகவும் இருந்தது.

என் பின்னால் இரண்டாவது ஆளாக சிலிண்டர்காரர் வந்தார். அவருக்கும் சிவப்பு உறையில் புது திர்ஹம், ஒரு துண்டு இலைப்பொதி. இவர்களுக்கு இன்றைக்கு என்ன என்று கேட்டார். பண்டிகை என்றேன். நெஞ்சில் கையை வைத்து, "ஈத் முபாரக்," என்று ஆறு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னார். மூன்றாவதாக வந்த பரமேஸ்வரி அக்கா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைவு என்றார். வேன் ஹாரன் அடித்தபோது மணி இரண்டு ஐந்து.

அந்த வருஷம் மூன்று விசாவும் புதுப்பித்து வந்தன. லானை சூப்பர்வைசராக்கினார்கள். என் காலால்தான் என்று நான் சொல்லமாட்டேன். லான் சொன்னாள், கம்பெனி முழுக்கச் சொன்னாள். அடுத்த தேத்துக்கு மூன்று வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு. அது எலி வருஷம், ஆட்டுக்கு ஆகாதாம். லான் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

முன்வாசல்

அதற்கு முன்னாலேயே, அந்த வருஷ லீவில் ஊருக்குப் போனேன். திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்ஸியில் வந்து தம்பி வீட்டு வாசலில் நின்றபோது பகல் பதினோரு மணி. கார் சத்தம் கேட்டதும் தம்பி மனைவி பழக்கத்தில் அடுக்களைக் கதவைத் திறந்தாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எனக்குத் தெரியும்.

நான் போகவில்லை. முன்வாசல் படியேறி பெல்லை அடித்தேன்.

தம்பிதான் திறந்தான். என்னைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான். அதே சிவப்பு, இந்தத் தடவை லான் தைத்த ஜாக்கெட்டோடு. அவனுக்குப் பின்னால் அவன் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"செவப்பா உடுத்திருக்க, மக்ளே?"

"ஆமா அத்தை. துக்கம் முடிஞ்சிட்டு. கலாஸ்."

"அப்படின்னா?"

நான் வலது காலை உள்ளே வைத்தேன். டைல்ஸ் குளிர்ச்சியாக இருந்தது. நல்ல டைல்ஸ்தான் எடுத்திருக்கிறேன்.

"மூணு வருஷத்துக்கு முந்தியே முடிஞ்சிட்டாம். எனக்குத்தான் யாரும் சொல்லல்ல," என்றேன். "எலேய், பெட்டியப் பிடி."

தம்பி பெட்டியைப் பிடித்தான்.